வெள்ளைப் பட்டை போட்ட நிஜத் துப்பாக்கி

எங்கள் கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் அருண் என்ற கோயமுத்தூர்க்காரர் இருக்கிறார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. போன மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். சினிமாவில் வரும் துப்பாக்கிகளையும் ராணுவ வண்டிகளையும் எது எது என்று இன்டர்நெட்டில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்களாம். உலகம் பூராவும் இருந்து ஆட்கள் எழுதுகிறார்களாம். ஒரு ஹிந்திப் படத்தின் பக்கத்தைத் திறந்தார். புனே பக்கம் எடுத்த படம். ராணுவக் கிடங்கின் சார்பில் நான் கூட நின்ற படம்.

"பாருங்க அங்கிள், ஹீரோ வில்லன் நெஞ்சுல வைக்கிறாரே, அந்த ரைஃபிள். டம்மின்னு போட்டிருக்காங்க. சுடவே முடியாதாம்."

"தப்பு."

"நாலு பேரு பார்த்துட்டு ஆமான்னு எழுதியிருக்காங்களே?"

"நாலு பேரும் அதைக் கையில வாங்கிப் பார்த்தாங்களா?"

அவர் சிரித்தார். "அப்ப நீங்க எழுதுங்க அங்கிள். நாங்க படிக்கிறோம்."

"தமிழ்ல எழுதினா நீ படிப்பியா?"

"எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன் அங்கிள்."

எழுதுகிறேன். எழுத்துக் கூட்டியாவது படிக்கட்டும். அந்தத் துப்பாக்கி டம்மி இல்லை. அது நிஜம். அது எப்படி ஹீரோ கைக்குப் போனது என்பது எனக்குத் தெரியும். அதில் என் தப்பை மறைத்துப் பத்தொன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தவனும் நான்தான்.

என் ஊர் வேலூர் ஜில்லா. பேர் தண்டபாணி. ஐ.டி.ஐ. முடித்து, பரீட்சை எழுதி, ராணுவக் கிடங்கில் சிவிலியன் வேலைக்குச் சேர்ந்தேன். சிறு ஆயுதங்களைப் பரிசோதிப்பது வேலை. முதல் இரண்டு வருஷம் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. துப்பாக்கியைப் பிரித்தோம், மாட்டினோம், திட்டு வாங்கினோம். பிறகு புனேவுக்குப் போட்டார்கள். புனேயைச் சுற்றி ராணுவக் கிடங்குகள் பல உண்டு. நான் இருந்தது எது என்று எழுதப் போவதில்லை. குடியிருப்பு தேஹு ரோட்டில். ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

என் மேலதிகாரி குல்கர்ணி. தலைமைப் பரிசோதகர், அவரும் சிவிலியன்தான். ஒல்லி, வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு பித்தளைக் கம்பி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்துகிற ஆளைச் சமாளிக்கலாம். இவர் ஒரு கேள்வி கேட்பார், பதில் சொல்வோம், தலையாட்டுவார், வேறு வேலை பார்ப்பார். பத்து நிமிஷம் கழித்து அதே கேள்வியை அதே தொனியில் மறுபடி கேட்பார். பதில் ஒரு வார்த்தை மாறினாலும் ரெஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அவ்வளவுதான். அன்றைக்கு நாம் பார்த்த வேலை வேலையே இல்லை என்று அர்த்தம்.

நம்பர் படிப்பதில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு துப்பாக்கியிலும் இரும்பில் நம்பர் அடித்திருக்கும். அதைக் கடைசி இலக்கத்திலிருந்து முதல் இலக்கம் வரை தலைகீழாகப் படிக்க வேண்டும். ஒருவர் படிக்க, எதிரில் இருப்பவர் பட்டியலில் தலைகீழாகச் சரிபார்க்க வேண்டும்.

"நேரா படிச்சா வாய் முந்திக்கும். கண்ணு பின்னால போகும்" என்பார்.

எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். நூறு துப்பாக்கியைத் தலைகீழாகப் படித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நாக்கு மரத்துப்போகும்.

அவர் என்னை "தண்டா" என்று கூப்பிடுவார். ஹிந்தியில் தடி. நான் கோபப்பட்டால், "தடி மாதிரிதானே நிக்கறே" என்பார். அதைச் சொல்லும்போதும் சிரிக்க மாட்டார். நாங்கள் பேசியதெல்லாம் ஹிந்தியும் மராட்டியும் கலந்த பேச்சு. நான் தமிழில் எழுதுகிறேன்.

இனி சினிமா விஷயம். தொண்ணூறுகளில் சண்டைப் படம் எடுக்க வருகிறவர்கள் ராணுவத்துக்கு எழுதிக் கேட்பார்கள். அனுமதி கிடைத்தால் வண்டி கொடுப்பார்கள், ஜவான்களைக் கொடுப்பார்கள், துப்பாக்கி கொடுப்பார்கள். நடிகர்கள் கையில் கொடுப்பது டி.பி. துப்பாக்கி. டிரில் பழகுவதற்கென்று ஒதுக்கியவை. பழைய திரீ நாட் திரீ ரைஃபிள்தான். ஆனால் தோட்டா உட்காரும் அறையில் ஒரு ஓட்டை போட்டிருப்பார்கள், சுடும் ஊசியை வெட்டியிருப்பார்கள். ஓட்டை மரத்துக்கு அடியில் இருப்பதால் வெளியே தெரியாது. பின்பக்கமாகக் கம்பியை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். வெளி அடையாளத்துக்கு முன்கட்டையிலும் அடிக்கட்டையிலும் வெள்ளைப் பட்டை அடித்திருக்கும். வெள்ளைப் பட்டை இருந்தால் செத்த துப்பாக்கி. இல்லாவிட்டால் உயிர் உள்ளது. நிஜத் துப்பாக்கியை ஜவான்கள் மட்டும் வைத்திருப்பார்கள். குண்டு இல்லாத வெற்றுத் தோட்டா போட்டு அவர்கள் சுடுவார்கள், புகை வரும், படம் எடுப்பார்கள்.

வெற்றுத் தோட்டா என்றால் விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நெஞ்சில் வைத்துச் சுட்டால் அதுவே ஆளைக் கொல்லும்.

வண்டிகளையும் பார்ப்பேன். எதிரி நாட்டு டாங்கி என்று சினிமாவில் காட்டுவது பெரும்பாலும் நம்முடையதுதான். பக்கவாட்டில் பிளைவுட் அடித்து நிறத்தை மாற்றுவார்கள். சக்கரங்களை எண்ணினால் தெரிந்துவிடும். அறுபதுகளில் நடக்கும் கதைக்கு எண்பதுகளில் வந்த லாரியை நிறுத்திவைத்திருந்த டைரக்டர் ஒருவரிடம் அதைச் சொன்னேன். "எந்தப் பொதுஜனம் வந்து டயரை எண்ணப் போகுது?" என்றார். இப்போது எண்ணுகிறார்கள். அருண் காட்டினாரே.

என் பேர் எப்படிக் கெட்டது என்று சொல்வதற்கு முன்னால், எப்படி ஏறியது என்று சொல்ல வேண்டும். பிம்ப்ரியில் ஒருவர் சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற கோடவுன் வைத்திருந்தார். யாரோ தகவல் கொடுத்து போலீஸ் அங்கே புகுந்தது. உள்ளே முப்பது, நாற்பது துப்பாக்கிகள். பேப்பரில் ஆயுதக் குவியல் என்று வந்துவிட்டது. அடையாளம் சொல்ல எங்களைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். வாசலில் நின்றே சொன்னேன், இது தகரக் குழாய், இது தேக்கு மரம், அது சைக்கிள் செயின் கவர். இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்தார். பிறகு குவியலுக்கு அடியில் கிடந்த ஒன்றைக் காட்டி, "அது மட்டும் நிஜம்" என்றேன். நாட்டுத் துப்பாக்கி. எவனோ ஒளித்து வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தார்கள், உள்ளே தோட்டாவே இருந்தது.

அன்றிலிருந்து தண்டபாணிக்குக் கண் இருக்கிறது என்று டெப்போ முழுக்கப் பேச்சு. குல்கர்ணி மட்டும், "எட்டி நின்னு சொன்னியாமே. தப்பாப் போயிருந்தா?" என்றார். பொறாமை என்று நினைத்தேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். அறுபதுகளின் யுத்தத்தைப் பற்றிய கதை. தேஹு ரோட்டைத் தாண்டி மாவல் பக்கம் ஒரு கல்குவாரியில் ஐந்து நாள் ஷூட்டிங். எங்கள் கிடங்கிலிருந்து நாற்பது டி.பி. துப்பாக்கி, பத்து நிஜத் துப்பாக்கி. கொடுத்தவன் ஷிண்டே. ஆயுத அறையை ராணுவத்தில் கோத் என்பார்கள், அதற்கு அவன் பொறுப்பாளன். ஏரவாடாவில் ஒற்றை அறை வீடு, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். என்னை "அண்ணா" என்பான். மராட்டிக்காரர்கள் மதராஸி எவனையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மட்டும் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தான். ஐம்பதையும் தலைகீழாகப் படித்து எனக்குக் கொடுத்தான். ஒரு பிசகு இல்லை. ஐம்பதையும் தினமும் மாலையில் எண்ணி, நம்பர் பார்த்து, கடைசி நாள் திருப்பிக் கொண்டுவருவது என் பொறுப்பு.

முதல் நாள் முடிந்ததும் கேமராமேன் கூப்பிட்டார். வெள்ளைப் பட்டை படத்தில் பளிச்சென்று தெரிகிறதாம். மறைக்க வேண்டுமாம். நான் டெப்போவைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெள்ளையைச் சுரண்டிவிட்டுப் பழுப்புச் சாயம் பூசினால் பிறகு பட்டையைத் திரும்ப அடித்துக்கொள்ளலாம், சாயம் டர்பன்டைனில் போய்விடும் என்று சரி சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால், எல்லாம் ஒரே நிறமாகத் தெரியட்டும் என்று ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள் ஐம்பதுக்கும் சாயம் அடித்து வைத்திருந்தார்கள். நிஜத்துக்கும் அதே நிறம், செத்ததற்கும் அதே நிறம்.

நம்பர் பார்த்துப் பிரித்து வைத்தேன். அன்று மாலையும் நம்பர் பார்த்தேன். அதற்குப் பிறகு ஜவான்கள் தங்கள் பத்தைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள், நடிகர்கள் பக்கம் நாற்பது. எண்ணிக்கை சரியாக இருந்தது. எனக்கும் கண் இருக்கிறதே! மூன்றாம் நாளிலிருந்து எண்ணிக்கை மட்டும் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். பட்டையைத் திரும்ப அடிக்க பெயின்டர் டப்பாவோடு வந்தான். "எதெதுக்கு சாஹேப்?" என்றான். தார்ப்பாய்க்குக் கீழே அடுக்கியிருந்த நாற்பதைக் காட்டி, "அந்த அடுக்குக்கு" என்றேன். நான் லாரி பானெட்டின் மேல் காகிதத்தை வைத்து, ஷிண்டே கொடுத்த பட்டியலைப் பார்த்து நம்பர்களை அப்படியே நேராக இறக்கி எழுதினேன். ஒரு துப்பாக்கியைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. கீழே, 'நம்பர் படித்துச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கோத்தில் ஷிண்டே காத்திருந்தான். முறைப்படி அவனும் படித்து வாங்க வேண்டும்.

"படிக்கணுமா அண்ணா?"

"நான் பார்த்துட்டேன்டா. நனைஞ்சு போயிருக்கேன், விடு."

"நீ பார்த்தா சரி" என்று வாங்கி அடுக்கினான். அடுத்த நாள் பத்து நிஜத் துப்பாக்கியையும் டர்பன்டைன் போட்டுத் துடைத்து வைத்தான்.

இரண்டு வாரம் கழித்து அந்த நாற்பதில் இருபது, நான் எழுதிய பட்டியலை நம்பியே, ஒரு பள்ளிக்கூடத்து என்.சி.சி.க்குப் போனது. பதினாலு பதினைந்து வயசுப் பிள்ளைகள். டி.பி. துப்பாக்கி என்று அவர்களுக்குச் சொல்லித்தான் கொடுப்பார்கள். ஒருவரை ஒருவர் குறிபார்த்து விளையாடுவார்கள், யாரும் பெரிதாகக் கண்டிக்க மாட்டார்கள். அங்கே இருந்த ஹவில்தார் ஒருவர் சுத்தம் செய்யும்போது ஒன்றில் ஓட்டை இல்லை என்று கண்டுபிடித்தார். ஊசியும் முழுசாக இருந்தது. வெள்ளைப் பட்டை மட்டும் புதிதாக, பளபளவென்று.

அந்த ஹவில்தார் சோம்பேறியாக இருந்திருந்தால்? அவர்களே வருஷத்துக்கு ஒரு தடவை நிஜத் தோட்டாவோடு சுடும் முகாம் நடத்துகிறவர்கள்.

டெப்போவில் பத்து நிஜத் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் ஓட்டை இருந்தது. ஆக, ஒன்றுக்கொன்று மாறியிருக்கிறது. எங்கே மாறியது? காகிதத்தைப் பார்த்தார்கள். போன நம்பரும் வந்த நம்பரும் ஒன்று. படித்துச் சரிபார்த்ததாகத் தண்டபாணி கையெழுத்து. அப்படியானால் கோத்துக்குள் நுழையும் வரை எல்லாம் சரி. கோத்துக்குள்ளேதான் மாறியிருக்கிறது. அங்கே டர்பன்டைன் இருக்கிறது, வெள்ளைப் பெயின்ட் இருக்கிறது. எந்தக் கோத்திலும் இருக்கும். ஆனால் அன்றைக்கு அதுதான் சாட்சி. நிஜத் துப்பாக்கிக்கு வெள்ளைப் பட்டை அடித்து, செத்த துப்பாக்கி என்று வெளியே அனுப்பி, அங்கிருந்து கடத்தப் பார்த்தான் ஷிண்டே என்று முடிவு கட்டினார்கள்.

விசாரணைக் குழுவில் ஒரு கேப்டன் என்னைக் கேட்டார். "நம்பரைப் படித்தீர்களா?"

"படித்தேன் சார்."

இரண்டே வார்த்தை. ஷிண்டேயைச் சஸ்பெண்ட் செய்தார்கள். போலீஸ் ஏரவாடாவில் அவன் வீட்டு டிரங்குப் பெட்டிகளைக் குறுகலான தெருவில் கொண்டுவந்து கவிழ்த்துப் பார்த்தது. புடவை, பாத்திரம், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம். தெரு முழுக்க நின்று பார்த்ததாம்.

என் மனைவி சரோஜா சந்தையில் கேள்விப்பட்டு வந்தாள்.

"ஏங்க, ஷிண்டே துப்பாக்கி திருடினாராமே? அந்த ஆளு நம்ம வூட்ல வந்து காபி குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி வெச்சிட்டுப் போற ஆளாச்சே."

"விசாரணை நடக்குது. உனக்கு எதுக்கு?"

"அவரு சம்சாரம் வேலைக்குப் போற எடத்துல வேணாம்னுட்டாங்களாம். நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கூட வேல பாக்குறவங்கதானே?"

"வாயை மூடு" என்றேன். அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். பதினைந்து வருஷம் குடித்தனம் பண்ணினவள். என்ன என்று தெரியாவிட்டாலும், ஏதோ இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்?

ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயம். பொய்க் கையெழுத்து என்றால் கேஸ் வரும் என்ற பயம். அதோடு ஒரு அயோக்கியத்தனமான யோசனையும் இருந்தது. ஒருவேளை நிஜமாகவே கோத்தில்தான் மாறியிருக்குமோ? நான் படிக்கவில்லை, சரி. படித்திருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்குமோ? அப்படியானால் என் பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லையே? இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன், ரயில் ஏறினேன், வேலைக்குப் போனேன்.

ஒருநாள் தேஹு ரோடு ஸ்டேஷனில் ஷிண்டே நின்றிருந்தான். எனக்காகத்தான். தாடி வளர்ந்திருந்தது.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ நம்பர் படிச்சுத்தானே கொண்டு வந்தே?"

சுற்றிலும் ஜனம். லோனாவாலா போகிற லோக்கல் வந்துகொண்டிருந்தது. "படிச்சேன்" என்றேன்.

அவன் தலையாட்டினான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபமே இல்லை.

"அப்ப தப்பு என்னோடதுதான். பத்தையும் துடைச்சேன்ல, அப்ப எங்கேயாவது இழுத்து வெச்சு மாத்திட்டேனோ? பட்டை அடிச்சதா ஞாபகமே இல்ல அண்ணா. ஆனா அடிச்சிருக்கேன் போல. மனுஷனுக்கு இப்படி மறக்குமா?"

நான் ரயில் ஏறிவிட்டேன். உட்கார இடம் இருந்தது. உட்கார முடியவில்லை.

செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒருவன் தன்னையே நம்ப வைத்துக்கொள்கிறான், என் வார்த்தையை நம்பி.

குழு அறிக்கை எழுதப்போகிற சமயத்தில் குல்கர்ணி ஒரு யோசனை சொன்னார். ஐந்து நாளும் அந்தத் துப்பாக்கிகளைப் படம் பிடித்திருக்கிறார்களே, அந்தப் பிலிமைப் பார்க்கலாமே என்றார். கேப்டன் ஒத்துக்கொண்டார். படக்காரர்கள் புனே கேம்ப் பகுதியில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன்னால் போட்டுக் காட்டச் சம்மதித்தார்கள். துப்பாக்கியை அடையாளம் சொல்ல யாரை அனுப்புவது? பிம்ப்ரியில் வாசலில் நின்றே சொன்ன ஆள் இருக்கிறானே. தண்டபாணியைப் போட்டார்கள்.

தியேட்டரில் நாங்கள் மூன்று பேர். கேப்டன் என் பக்கத்தில். குல்கர்ணி பின்வரிசையில், மடியில் ரெஜிஸ்டர். வெட்டாத, ஒட்டாத படம். சத்தம் கிடையாது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒருவன் பலகையைக் காட்டுவான், அதில் எந்த நாள், எந்த ஷாட் என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். பிறகு ஆட்கள் வாயை வாயை அசைப்பார்கள், புகை வரும், விழுவார்கள், எழுந்து சிரிப்பார்கள்.

நம்பர் படத்தில் தெரியாது. ஆனால் மாறிப்போன அந்த நிஜத் துப்பாக்கியை எனக்குத் தெரியும். அதன் அடிக்கட்டையில் இடது பக்கம் உடைந்த இடத்தில் சாய்சதுரமாக ஒரு மரத்துண்டு வைத்து ஒட்டியிருந்தது. அந்த ரிப்பேரைப் பார்த்து பாஸ் போட்டவனே நான்தான். சாதாரணமாக அந்த ஒட்டு கண்ணில் படாது. பழுப்புச் சாயம் அடித்ததும் புது மரம் அதிகமாகக் குடித்து அந்த இடம் மட்டும் கறுத்துப்போயிருந்தது.

இரண்டாம் நாள் துண்டுகளில் அது ஒரு ஜவான் கையில் இருந்தது. சரியான இடம்.

மூன்றாம் நாள். ஹீரோவின் கையில் வேறு துப்பாக்கி. தோட்டா ஏற்றும் போல்ட்டை இழுக்கிறார். வரவில்லை. துருப்பிடித்த டி.பி. போல்ட் அப்படித்தான். கையை உதறுகிறார், யாரையோ பார்த்துத் திட்டுகிறார். ஓரத்திலிருந்து ஒரு ஜவான் வருகிறான், பல்லெல்லாம் சிரிப்பு, தன் துப்பாக்கியை நீட்டுகிறான், அவருடையதை வாங்கிக்கொள்கிறான். ஹீரோ போல்ட்டை இழுக்கிறார், வழுக்கிக்கொண்டு வருகிறது. கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிறார். அடுத்த துண்டு. ஹீரோ அந்தத் துப்பாக்கியை வில்லன் நெஞ்சில் வைத்து அழுத்துகிறார். அடிக்கட்டை திரை முழுக்க. கறுத்த சாய்சதுரம். விசையை இழுக்கிறார்.

ஒன்றும் ஆகவில்லை. ஜவான் அதற்கு முந்தின ஷாட்டில் எல்லாத் தோட்டாவையும் சுட்டுத் தீர்த்திருக்கிறான், அதற்குப் பிறகு அவனுக்குச் சுடும் காட்சியும் இல்லை, அவ்வளவுதான். ஒன்று மிச்சம் இருந்திருந்தால் அந்த நடிகர் அன்றைக்கே போயிருப்பார். படத்தின் மூலையில், பத்தடி தள்ளி, ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். வேறு யார்? நான்தான்.

விளக்கு எரிந்தது. கேப்டன் கொட்டாவி விட்டார். "ஏதாவது தெரிந்ததா?"

"ஒண்ணும் தெரியல சார். எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. கேப்டன் எழுந்து தொப்பியை எடுத்தார். அப்படியே முடிந்திருக்கும். அறிக்கை போயிருக்கும். ஷிண்டே உள்ளே போயிருப்பான்.

பின்னாலிருந்து குல்கர்ணி சொன்னார். "மூணாம் நாள் ரீலை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க."

அவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்காதீர்கள். நான் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அந்த ஒட்டு ரிப்பேருக்கு அவர் கையெழுத்தும் உண்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விளக்கு அணைந்தது. மறுபடி அந்த ஜவான் சிரித்துக்கொண்டே வந்தான். துப்பாக்கியை நீட்டினான். பிளாட்பாரத்தில் ஷிண்டே தலையாட்டியது கண்முன் வந்தது. சாய்சதுரம் திரைக்கு வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். புரொஜக்டர் வெளிச்சம் என் தலையில் விழுந்து திரையில் கறுப்பாக நிழல் தட்டியது.

"சார், அதுதான். ஷூட்டிங்லேயே மாறியிருக்கு. நான் நம்பர் படிக்கல. பட்டியலைப் பார்த்துக் காப்பி அடிச்சேன்."

கேப்டனுக்கு முதலில் புரியவில்லை. "உட்காருங்க, படம் மறைக்குது" என்றார். பிறகு புரிந்து, ஆங்கிலத்தில் திட்டினார். நன்றாகத் திட்டினார். குல்கர்ணி ரெஜிஸ்டரைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"மறுபடி சொல்லு தண்டா."

சொன்னேன். ஒரு வார்த்தை மாறவில்லை. எழுதிக்கொண்டார்.

வேலை போகவில்லை. பதவி உயர்வு போனது. ஓய்வு பெறும்போதும் அதே நாற்காலிதான். வெள்ளைப் பட்டையை மறைப்பது கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த ஷாட் படத்தில் அப்படியே இருந்தது, தியேட்டரில் கைதட்டினார்கள். குல்கர்ணி அதற்குப் பிறகு என்னைக் குறை சொல்லவும் இல்லை, நல்லது சொல்லவும் இல்லை.

ஷிண்டே ஒரு திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினான். தாடியை மழித்திருந்தான். கோத் வாசலில் நான் போய் நின்றேன். மன்னிப்பு என்ற வார்த்தையை மராட்டியில் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். அவன் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். அந்தக் கட்டையில ஒட்டு இல்லாம இருந்திருந்தா, பிலிம்ல எதுவும் தெரியாம இருந்திருந்தா, நீ சொல்லியிருப்பியா?"

பொய் சொல்லச் சுலபமான இடம் அது. அவன்கூட ஆமாம் என்ற பதிலைத்தான் எதிர்பார்க்கிறான் என்று நினைத்தேன்.

"இல்ல" என்றேன். "சொல்லியிருக்க மாட்டேன்."

"என் பெண்டாட்டிகிட்ட அப்படித்தான் சொன்னேன்" என்றான். பிறகு சாவிக்கொத்தை எடுத்து இரும்புக் கதவைத் திறந்தான். அன்றைக்கு நான் ஒப்படைக்க வேண்டியவை பன்னிரண்டு. நான் நம்பரைப் படிக்க வாயைத் திறந்தேன். அவன் என் கையிலிருந்த பட்டியலை வாங்கிக் கவிழ்த்து மேஜையில் வைத்தான். ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தானே படித்து, தானே எழுதினான். நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஆனது.

நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் வாங்கினான். நான் ஒரு தடவைகூட அவனைச் சீக்கிரம் என்று சொன்னதில்லை.